குனிந்து பார்த்தால் தெரியும்

தினமும் குனிந்து செடி பார்ப்பவனுக்கு முதுகுவலி வராது. எழுபத்து மூன்று வயதாகிறது, எனக்கு வரவில்லை.

கல்லூரியில் முப்பத்தாறு வருடம் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பெயர் எழுதினேன். ஒரு கோடி இருக்கும். சரி, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பாசியையும் ஈரல்செடியையும் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே பிரிப்பேன். பாசி என்றால் வழுக்குகிற குளத்துப்பாசி இல்லை, மழைக்காலச் சுவரில் மெத்தையாக வளருமே, அது. அதற்குக் குட்டித் தண்டு, சுற்றிலும் குட்டி இலைகள். சொரசொரவென்று காலைப் பிடிக்கும். ஈரல்செடி தட்டையாகத் தரையோடு ஒட்டிக் கிடக்கும், நனைந்தால் வெண்ணெய்தான். நின்றபடி பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை.

எங்கள் துறைப் பேராசிரியர் என் தங்கையின் கணவர். நான் ஓய்வுபெற்ற விழாவில், ஐந்து வருடம் அலைந்து கண்டுபிடித்த ஒரு பாசியை அவரிடம் நீட்டினேன். "மச்சான், இது வெறும் ஈரல்செடி. கண்ணாடிய மாத்துங்க, இல்ல கண்ணையே மாத்துங்க" என்றார். அரங்கமே சிரித்தது. தங்கை கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். குப்பையில் போடுவதாகச் சொல்லி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுவருடம் அது புதிய பாசி இனமாக, அவர் பெயரில் அச்சேறியது.

நான் கோபப்படவில்லை. அவர் வீட்டுப் பின்படிக்கட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

அங்கிருந்த பாசியைச் சுரண்டிவிட்டு ஈரல்செடி வைத்தேன். அதன் மேல் சின்னக் கிண்ணங்கள், உள்ளே பச்சைப் பொட்டுகள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அந்தப் பொட்டுகள் தெறித்து, புதுச் செடிகளாகப் பரவும். பூவாளியும் கையுமாக மூன்று மழைக்காலம். "எங்க மச்சான் படிக்கெல்லாம் பாசி மெத்தை போடறார்" என்று வருகிறவர்களிடம் அவருக்கு ஒரே பெருமை.

அன்று மழை அப்போதுதான் விட்டிருந்தது.

"மாப்பிள்ளை, குனிஞ்சு பாத்துட்டு இறங்குங்க. அது பாசி இல்ல."

"எனக்கே பாடமா? நின்னுக்கிட்டே சொல்லுவேன், பாசிதான்."

காலை வைத்தார். பதினாறு படிகள். நான் எண்ணி முடிப்பதற்குள் கீழே போய்விட்டார்.

எச்சரித்தேன், கேட்கவில்லை. இதில் என் தப்பு என்ன, நீங்களே சொல்லுங்கள்.

நேற்று தங்கை போன் செய்தாள். "அண்ணா, துணி காயப்போடப் பின்னால இறங்கணும். அந்தப் படியப் பாத்தாலே பயமா இருக்கு. அதுல இருக்கறது பாசிதானே? எனக்கு இதெல்லாம் தெரியாதே."

பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.

"பாசிதாம்மா," என்றேன். "காலப் பிடிச்சுக்கும். தைரியமா இறங்கு."