நாற்காலிக்குப் பின்னால் இருந்த மூடி

அன்று ஆபீசில் நான்கு பேர் இருந்தோம். ராஜகுரு என்கிற நான், என் மகள் ஸ்ரீலட்சுமி, பார்சல் கட்டும் சோணை, கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த ஜூடு. ஐந்தாவதாக யாரும் இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

செல்லூரில் எங்கள் சேலை வியாபாரம் மூன்று தலைமுறையாக நடக்கிறது. நான் உட்காரும் நாற்காலி என் அப்பா உட்கார்ந்தது. அதில் இருப்பவரை எழுந்திருக்கச் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு.

1999 தையில் மூன்று கம்ப்யூட்டர் வாங்கினோம். இரண்டு ஆபீசில், ஒன்று தறிக்கொட்டகைக்கு அந்தப்புறம் குடோனில். ஜூடு ஒரே கேபிளில் மூன்றையும் கோத்து இன்டர்நெட் கொடுத்தான். கேபிளின் ஒரு முனை என் நாற்காலிக்குப் பின்னால் முடிந்தது. அதில் விரல் நுனியளவு ஒரு மூடி.

"ஐயா, இது கொஞ்சம் லூசானாலும் மூணு மிசினும் போயிரும். நாற்காலி இடிக்காமப் பாத்துக்கங்க" என்றான். மரியாதை தெரிந்தவன். அதை நான் மறுக்கவில்லை.

மறுவாரம் ஸ்ரீலட்சுமி திரையில் ஏதோ மெயில் கடிதத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஜூடு என்ற பெயரை மட்டும் படித்தேன். அவன் வேதக்காரன், நாங்கள் சௌராஷ்டிரர். மகளையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால், அப்படி ஒன்று நடக்கக்கூடும் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். கையைப் பின்னால் விட்டு மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.

கடிதம் நின்றது. ஆனால் அவனே நேரில் வந்துவிட்டான். பைக் சத்தம் கேட்டதும் மூடியை முறுக்கிவிடுவேன்; போனதும் தளர்த்துவேன். வாரம் மூன்று முறை வந்தான். அவள் பக்கத்தில் நின்றான். அவன் வரவர என் சந்தேகம் உறுதியானது.

"ஜூடண்ணே, இந்த நெட்டு எங்க மச்சான் மாதிரில்ல இருக்கு. வாரேன் வாரேங்கும், வந்து நிக்காது" என்று சோணை சிரிப்பான்.

"ஐயா, பின்னாடி அந்த மூடி டைட்டா இருக்கா?" என்று ஜூடு கேட்பான். எழுந்திருக்கச் சொல்ல மாட்டான். இருக்கிறது என்பேன். அந்த நேரத்தில் இருந்தது. பொய் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

ஆடியில் ஒரு பகல், முதல் முறையாக, அவன் வந்த பிறகும் மூடியைத் தளர்வாகவே விட்டேன். "மிச்சம் கொட்டகை மேல போற கேபிள்தான். கூரை ஷீட்டு ஆள் தாங்குமாய்யா?" என்றான்.

முந்தின வாரம்தான் கொத்தனார் முத்திருளன் அந்த ஷீட்டைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இதுல பூனை நடந்தாக்கூட உள்ள போயிரும்" என்று சொல்லியிருந்தார்.

"தாங்கும், ஏறு" என்றேன்.

அவன் ஏறியதும் மூடியை முறுக்கினேன். "வந்துருச்சு ஜூடண்ணே!" என்று ஸ்ரீலட்சுமி ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள். ஷீட் உடைந்தது தறிச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. தறிகள் நின்றபோதுதான் தெரிந்தது.

அவனை அடக்கம் செய்த பதினாறாம் நாள், அவனுக்கு எழுதிய கடிதங்களை அவள் என் முன்னால் நின்று வாசித்தாள். பதினொன்று. முதலாவது, மெயில் பழக்கிக் கொடுத்ததற்கு நன்றி. மற்ற பத்தும் வெளியே பிரவுசிங் சென்டரிலிருந்து போட்டவை: 'அண்ணே, நேத்தும் நெட்டு போயிருச்சு, வந்து பாருங்க.'

வீட்டில் நாங்கள் எங்கள் மொழிதான் பேசுவோம். அன்று அவள் தமிழில், "எந்திரிங்க" என்றாள்.

எழுந்தேன்.

அவளுக்கும் அவனுக்கும் ஏதோ இருந்ததாகச் செல்லூரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். எங்கள் வீட்டுப் பெண் அப்படிப்பட்டவள் அல்ல.