சகலைக்கு ஏற்ற வேகப் பயிற்சி

நடைப்பயிற்சிக்கே நேரம் கிடைப்பதில்லை என்று சொன்னீர்கள் ஐயா. அதனால் உங்களுக்குப் புரியும்படி முதலிலிருந்தே சொல்கிறேன். மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, தினமும் வேகமாக ஓடுவதுதான். பெரும்பாலான நாட்கள் பக்கத்தில் வருகிறவரோடு வீட்டு விஷயம் பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவாக ஓட வேண்டும். வாரத்தில் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள், வேகப் பயிற்சி. யாருக்கு, எப்போது, எந்தப் பயிற்சி என்று தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். அந்த விஷயத்தில் எனக்குக் கைராசி உண்டு என்று எங்கள் ஓட்டக் குழுவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவன். இந்த லென்ஸ் தெளிவா, அந்த லென்ஸ் தெளிவா என்று நாள் முழுவதும் கேட்பதே வேலை. பொறுமை எனக்குத் தொழிலோடு வந்தது. கோபப்பட்டு யாரையும் கை நீட்டியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சகலையை ஓட்டத்துக்கு அழைத்து வந்தவனே நான்தான். என் மனைவியின் தங்கையை மணந்தவர். பள்ளிப் பேருந்து ஓட்டுநர். உட்கார்ந்தே இருந்து தொப்பை போட்டு, ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. “கொஞ்சம் ஓடுங்க சகலை, உடம்புக்கு நல்லது” என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். முதல் மாதம் தெருமுனை வரை ஓடிவிட்டு விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது.

அடுத்த ஆண்டு மாரத்தானில் அவர் என்னைத் தாண்டிப் போனார். தாண்டும்போது முதுகில் தட்டி, “வாங்க சகலை, வாங்க” என்றார். அதில் கேலி கிடையாது. அவருக்குக் கேலி பேசவே வராது. அதுதான் பொறுக்கவில்லை.

அவருடைய பதக்கத்தை மாமியார் தன் வீட்டுக் கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டினார். பத்து வருடமாக நான் வாங்கிய பதக்கங்கள் எங்கள் அலமாரிக்குள் பனியன்களுக்கு அடியில் கிடக்கின்றன. “நீங்க சொல்லிக் குடுத்தீங்க, சின்னவர் ஓடிக் காட்டிட்டார்” என்று மாமியார் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். எனக்குப் பொறாமை என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருக்கலாம். பாவம், அவளுக்கு ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அதன் பிறகு சகலையின் பயிற்சி முழுவதையும் நானே பொறுப்பேற்றேன். முதலில் மேட்டு ஓட்டம் கொடுத்தேன். நீர்த்தொட்டிக்குப் போகும் செங்குத்தான சாலையில் முழு வேகத்தில் ஏற வேண்டும், மெதுவாக இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். புதியவர்களுக்கு இது ஆகாது. குதிகால் நரம்பு இழுத்துக்கொள்ளும். ஒரு சீசன் வீட்டில் உட்கார்ந்தால் மனிதர் கொஞ்சம் அடங்குவார் என்று நினைத்தேன். அவருக்குத் தொடை இரும்பாக இறுகியது. சரி என்று டெம்போ ஓட்டத்துக்கு மாற்றினேன். பேச்சு வராத, ஆனால் விட்டுவிடவும் தோன்றாத வேகத்தில் நெடுநேரம் ஓடுவது அது. அளவுக்கு மீறிக் கொடுத்தால் ஆளைச் சக்கையாகப் பிழிந்துவிடும். அவரோ ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது என்று எனக்கு நன்றி சொன்னார். ஓய்வு நாளை வெட்டினேன். பசி எடுக்கிறது என்றார். நான் கெடுக்க நினைத்துக் கொடுத்த ஒவ்வொன்றும் அவரை இன்னும் நல்ல ஓட்டக்காரராக்கியது. இப்படி ஒரு சீடன் கிடைத்தால் எந்தக் குருவுக்கும் வயிறு எரியும்.

எனக்கு அவருடைய முழங்கால் ஒன்று போதும் என்றுதான் இருந்தது. அதற்கு மேல் ஆசைப்பட்டதில்லை.

இந்த ஆண்டு மாரத்தானுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது சகலைக்குக் காய்ச்சல் வந்தது. பேருந்தில் பிள்ளைகள் இருமித் தள்ளியதில் தொற்றியது. காய்ச்சல் விட்டபின் விளையாட்டுத் திடலுக்கு வந்தார். கூடவே மைத்துனியும் வந்திருந்தாள்.

“காய்ச்சல் விட்டுடுச்சு சகலை. ஆனா மாடி ஏறினா நெஞ்சு கனமா இருக்கு. இன்னைக்கு மெதுவா ஓடட்டுமா?”

ஓடுகிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு ஐயா. கழுத்துக்கு மேலே மூக்கொழுகல், தும்மல் என்றால் மெல்ல ஓடலாம். கழுத்துக்குக் கீழே, அதுவும் நெஞ்சில் என்றால் செருப்பைக்கூட வேகமாக மாட்டக் கூடாது. போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மருத்துவரும் அதையேதான் சொன்னார். கிருமி இதயத் தசையில் இறங்கியிருக்கலாம், அந்த நிலையில் வேக ஓட்டம் ஆளையே சாய்த்துவிடும் என்றார். நான் ஒரு மாதம் திடல் பக்கமே போகவில்லை.

சகலையிடம், “சளி கட்டியிருக்கும். வேகமா ஓடினாத்தான் இறங்கும்” என்றேன்.

மைத்துனி என் முகத்தையே பார்த்தாள். “நீங்க சொன்னா சரி அத்தான். பார்த்து ஓட வைங்க” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்றைக்கு அவருக்குக் கொடுக்கத் தகுந்த பயிற்சி வீட்டுக்கு அனுப்பி வைப்பதுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தே நீளமான வேகச் சுற்றுகளைத் தேர்ந்தெடுத்தேன். நடுவில் மூச்சு வாங்கும் இடைவெளியைப் பாதியாகக் குறைத்தேன். இடைவெளியில்தான் இதயம் தன்னைச் சரிசெய்துகொள்ளும்; அதைக் குறைத்தால் என்ன ஆகும் என்பது அந்தத் திடலில் எனக்கு மட்டும்தான் தெரியும். சகலை சரி என்று தலையாட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே ஓடினார். உதடு நீலம் பாரித்திருந்தது. “போதுமா சகலை?” என்றார். “இன்னும் ரெண்டு” என்றேன்.

அதில் முதல் சுற்றின் பாதியில் அவருடைய காலடிச் சத்தம் பின்தங்கியது. பிறகு நின்றது. திரும்பிப் பார்த்தேன். பாதையிலேயே உட்கார்ந்து, பிறகு ஒருக்களித்துப் படுத்தார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது.

மாமியார் இப்போது என் முகத்தில் விழிப்பதில்லை. நீங்களும் ஏதோ நான் அவரைத் திட்டம் போட்டுக் கொன்றதுபோலப் பார்க்கிறீர்கள். பயிற்சியைத் தேர்ந்தெடுத்தது நான்தான், தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் நெஞ்சில் ஈரம் இல்லாதவன் என்று மட்டும் என் வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். ஈரம் இல்லாதவனாக இருந்திருந்தால், கடைசிச் சுற்றையும் முடித்த கையோடு நேரே வீட்டுக்கல்லவா போயிருப்பேன்? முடித்ததும் நான் அவரிடம்தானே திரும்பி வந்தேன் ஐயா.