அஸ்தமனம் 6.24

ஹலோ... ஹலோ... யாரு, சன்மதியா? மச்சான், நான்தான், திண்டிவனத்துலேருந்து... ஆமா, ஆமா, உங்க அக்கா வீட்டுக்காரனேதான். இருக்கேன், இருக்கேன். நீ மொதல்ல ஒண்ணு சொல்லு. விழுப்புரத்துல இப்ப வெயில் இருக்கா?...

வெயிலுடா, வெயிலு. மேல இருக்குமே, அது... சிரிக்காத. கதை சொல்றதுக்கு நான் போன் பண்ணல...

போன வாரம் சொன்னது வேற. அது நெஜம். கொல்லையில மல்லாட்டை புடுங்கினா வறுத்ததாத்தான் வந்துச்சு. செடிக்கு ஒரு துண்டு வெல்லத்தப் பக்கத்துல வெச்சுப் புடுங்கியிருந்தா கடலை உருண்டையாவே வந்திருக்கும். அவசரப்பட்டுட்டேன்... ஆமா, திருவக்கரையில மரமெல்லாம் கல்லாப் போனதும் இந்த மாதிரி ஒரு சித்திரையிலதான்னு சொன்னேன். இல்லன்னு சொல்ல நீ என்னா அப்ப அங்க இருந்தியா?...

சரி, சரி, விடு. மச்சான், கேளு. உங்க அக்கா தண்ணி குடிக்க மாட்டேங்கறா.

...இல்ல. இது கதை இல்ல. 

ஹலோ?... ஆங், இருக்கேன். நேத்து மத்தியானத்துலேருந்து அவளுக்கு வாந்தி, வயித்தால போறது. இந்த வெயில்ல போயி மாடியில வத்தல் காய வெச்சா. நூத்தி ஏழு டிகிரின்னு டிவியில சொல்றான், இவ தலையில ஒரு துணிகூடப் போடாம... ஆமா. ஆமா. முத்துசாமி டாக்டர் காலையில வந்து பாத்தாரு. ஏற்கெனவே கிட்னி அரை கிட்னிதான் வேலை செய்யுது அவளுக்கு, உனக்குத் தெரியும். குளுக்கோஸ் ஏத்தலாம்னு நரம்பு தேடினாரு, ரெண்டு கையிலயும் குத்திப் பாத்தாரு, நரம்பு கிடைக்கல. காஞ்சு போயிருக்கு. வாயால குடிச்சே ஆகணும்னாரு. பொழுது சாயறதுக்குள்ள ஒரு சொம்பு உள்ள போயிடணும், இல்லன்னா கிட்னி நின்னு போனாலும் போயிடும்னு சொல்லிட்டுப் போனாரு...

குடிச்சா. மத்தியானம் ரெண்டு டம்ளர் குடிச்சா. அதையும் வாந்தி எடுத்துட்டா. அப்புறம் அசந்து தூங்கினா. நாலு மணிக்கு மேல கருப்பா திரண்டுகினு வந்துச்சு பாரு மேகம், அப்பா! மயிலம் மலையே எழுந்து நடந்து வருதுன்னு நெனச்சேன்... இல்ல, இது கதைதான். மேகம் வந்தது நெஜம், மலை வந்தது கதை. போதுமா?... இடி, காத்து, மழை. கரண்ட் போயிடுச்சு. கூடம் முழுக்க கும்மிருட்டு. இப்ப கண்ணு முழிச்சிப் பாக்கறா, பொழுது போயிடுச்சு, ராத்திரியில தண்ணி தொடக் கூடாது, இனிமே காலையிலதான்னு வாயை மூடிக்கினா.

ஆமாண்டா! அதேதான். அதுக்குத்தான் உனக்குப் போன் பண்ணேன்.

மணி இப்ப என்னா? என் வாட்ச்ல ஆறு ரெண்டு... ஆங், உனக்கும் ஆறு ரெண்டா. நல்லது. இன்னிக்கு அஸ்தமனம் ஆறு இருவத்தி நாலு, தேதி காலண்டர்ல போட்டிருக்கான். இருவத்திரெண்டு நிமிஷம் இருக்குது மச்சான். சூரியன் மேகத்துக்குப் பின்னால உக்காந்துகினு இருக்கான். எங்கயும் போவல. அதை அவகிட்ட சொன்னா நம்பணுமே...

எப்படி நம்புவா? உனக்குத் தெரியாதா அந்தக் கதை? ...சொன்னதே இல்லியா? ஒம்போது வருஷம் ஆச்சு. ஒரு மார்கழியில விரதம் இருந்து மயங்கிக் கெடந்தா. பொழுதும் போயிடுச்சு. நான் கடியாரத்த முக்கால் மணி பின்னால தள்ளி வெச்சுட்டு, இன்னும் பொழுது இருக்குது, ஜன்னல் பக்கம் வேப்ப மரம் மறைக்குதுன்னு சொல்லி கேப்பைக் கூழு குடிக்க வெச்சுட்டேன். மறுநாள் ரேடியோ போட்டா... முக்கால் மணி நேரம் வித்தியாசம். கண்டுபுடிச்சுட்டா. அதுக்கு எத்தினி நாளு பிராயச்சித்தம் பண்ணா தெரியுமா? ஒரு வார்த்தை திட்டல. அதுதான் பேஜாரு. திட்டியிருந்தா தேவலாம். அன்னிலேருந்து நான் எந்தப் புளுகு அளந்தாலும் கேட்டுச் சிரிப்பா. சூரியன் விஷயத்துல மட்டும் என் பேச்சும் எடுபடாது, கடியாரமும் எடுபடாது. உள்ளங்கையை இப்படி விரிச்சுப் பாப்பா. ரேகை தெரிஞ்சா பகலு, தெரியலன்னா ராத்திரி. அவ்வளவுதான்.

இப்ப பாத்துட்டா. தெரியலியாம். கண்ணுல புரை வெச்சுகினு, இருட்டுல, அதுவும் நாப்பது வருஷமா பாத்திரம் தேச்ச கையில ரேகை எங்கேருந்து தெரியும், நீயே சொல்லு...

ம்... ம்... ஆமா. நீ சொன்னா நம்புவா. பொய் சொல்றதில்லன்னு ஜைன மடத்துல விரதம் எடுத்தவன் இல்ல நீ. ஒரே நாள்ல அக்காவும் தம்பியும் சாமி முன்னால நின்னீங்க. அவ ராத்திரியில தண்ணிகூட தொட மாட்டேன்னா, நீ பொய் பேச மாட்டேன்ன... நானா? நான் அன்னிக்கு செருப்புக்குக் காவல் இருந்தேன்.

சரி, ஜல்தி மாடிக்குப் போயிப் பாரு. மேற்கால. செல்லுல பேசிக்கினே போ... குடை எடுத்துக்கினு போயேன்... அங்கயும் மழையா? ...ம். ...ம். ...ஒண்ணுமே தெரியலியா? ஓரமாக்கூடவா? ரயில் ஜங்ஷன் பக்கம் பாரு... சரி. சரி. கத்தாத, கேக்குது.

பரவால்ல. போனை அவ காதுல வெக்கறேன். நீ சொல்லு. வயரு எட்டும், கட்டிலு பக்கத்துல ஸ்டூல் போட்டுத்தான் வெச்சிருக்கேன்...

(கட்டில் பக்கம் திரும்பி) இந்தா, உன் தம்பி. சன்மதி. விழுப்புரத்துலேருந்து. பேசு. கையால புடிக்க வேணாம், நான் புடிச்சுக்கறேன்... தலையாட்டினா அவனுக்கு எப்படித் தெரியும்? வாயத் தெறந்து பேசு... என்னா சொல்றான்?... கேட்டியா, ஆறு அஞ்சுதான் ஆவுது... கடியாரத்துக்கா விரதம் எடுத்தேன்னா கேக்கற? அவன்கிட்ட போயி இந்தக் கேள்வி கேட்டா அவன் என்னா பண்ணுவான்... ஏய், அதக் கேக்காத. அனந்தமதி, அத மட்டும் கேக்காத... 

கேட்டுட்டா.

(மீண்டும் போனில்) ஹலோ... மச்சான்... என்னாடா சொன்ன? கண்ணால பாக்கலக்கான்னு சொன்னியா? ...உண்மைதான். தெரியும்டா உண்மைன்னு. உண்மையில்லன்னு நான் சொன்னேனா? சூரியன் இருக்குதுன்றதும் உண்மைதானே! ஒரு வார்த்தை, பாத்தேன்னு சொன்னா உன் நாக்கு என்னா அழுவிப் போயிடுமா? ஊருக்கே நான் புளுகு சொல்றேன், எழுவத்தி நாலு வயசு வரைக்கும். பாரு, நாக்கு கல்லு மாதிரி இருக்குது...

சரி... சரி, அழாத. நீ அழுதா நான் யார்கிட்டப் போவேன். விரதம்னா விரதம்தான். நான் உன்னக் கேட்டிருக்கக் கூடாது... 

ஆட்டோவா? வரச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கறா, ஊசியில போனாலும் தண்ணி தண்ணிதானேன்னு கேக்கறா. நெனவு தப்பினா தூக்கிக்கினு போயிடுவேன், அப்ப அவகிட்ட கேக்க மாட்டேன். ஆனா அது வரைக்கும் விட்டா, நெனவு திரும்பும், கிட்னி திரும்புமா?... ஆறு பத்து. இரு. போனை வெச்சிடாத. நானே தோட்டத்துக்குப் போயிப் பாத்துட்டு வர்றேன். வெச்சிடாதடா...

...

ஹலோ! மச்சான்! பாத்துட்டேன்! ...இல்லடா, அந்தக் கதை இல்ல. மழையில நனைஞ்சுகினு நின்னேன், சுத்துச் சுவத்து மேல ஏறி நின்னேன்... ஆமா, இந்த வயசுலதான். பனை மரத்துக்கு நடுவுல, மேகத்துக்கு அடியில, ஒரு விரக்கட அகலம் செவப்பா கோடு. நடுவுல பொட்டு மாதிரி அது. என் கண்ணால பாத்தேன்...

(கட்டில் பக்கம்) என்னா? ...ஆமா, நனைஞ்சுட்டேன். தலை தொவட்டறது இருக்கட்டும்... பாத்தேன். ...கண்ணாலதான். ...நான் உன்கிட்ட என்னான்னு சத்தியம் பண்றது, என் சத்தியத்துக்கு என்னா மதிப்பு இருக்குது... என்னா சொன்ன? 

இன்னொரு வாட்டி சொல்லு.

மச்சான்... கேட்டுச்சா உனக்கு? நம்பறேன்னு சொல்றா. "நீங்க பாத்தீங்கன்னா சரி, நம்பறேன், குடுங்க" அப்படின்றா... ஆமாண்டா. ஆமாம்... இரு, டம்ளர எடுக்கறேன்...

என்னா? ...ஐயோ. மத்தியானம் வடிகட்டின தண்ணி செல்லாதாம். வடிகட்டி ஒரு பொழுது ஆயிட்டா மறுபடியும் வடிகட்டணுமாம். ஆமா, உங்க வீட்டுப் பழக்கம்தானே, நீயும்தான் பண்ணுவ... இப்ப துணிய எங்க தேடறது? கூடத்துல கை வெச்சா கை தெரியல. வயரு அடுப்படி வரைக்கும் எட்டும், போனைக் கழுத்துல இடுக்கிக்கினு போறேன், நீ பேசிக்கினே இரு. மணி சொல்லிக்கினே இரு.

...பதினாறா? சரி. அடுப்புமேல இல்ல. கொடியில... இல்ல. ...பதினெட்டா? மூச்சு வாங்குதுடா. எங்க வெச்சே அனந்தமதி? ...குதிர் மேலயா? ...ஆங், ஆம்புட்டுச்சு. ...இருவதா? ஊத்திக்கினு இருக்கேன். மெதுவாத்தான் எறங்குது, ரெண்டா மடிச்ச துணி. ஒத்தையா மடிச்சா ஒத்துக்க மாட்டா. ...சொம்புல பாதி. உப்பு, சக்கரை. ஸ்பூனு... ஸ்பூனு... விரலாலயே கலக்கறேன்.

வந்துட்டேன். இந்தா, அனந்தமதி, தலையத் தூக்கு. நான் புடிச்சுக்கறேன். வாயத் தெற...

என்னா? ...மறுபடியுமா?

மச்சான், இன்னொரு வாட்டி பாத்துட்டு வந்து சொல்லுங்கன்றா. குடிக்கறப்போ இருக்கணுமாம்... ஓடறேன். பின்கதவுதான், நாலு அடி... 

...

...

ஹலோ.

...ம். இருக்கேன்.

...ஆறு இருவத்தஞ்சு. தெரியும். எனக்கும் இருவத்தஞ்சுதான்.

கோடு இல்ல மச்சான். அணைஞ்சு போச்சு. ஒரே கருப்பா... ம்... ம்...

என்னாது? ...என்னா சொன்ன நீ? ...நீயா சொல்ற? இருக்குதுன்னு பொய் சொல்லச் சொல்றியா, நீயா? காலு மணிக்கு முன்னால அந்த வாய எங்கடா வெச்சிருந்த? ...இல்ல, கோவம் இல்ல. உன் அக்கா. எனக்குப் புரியுது. நானும் பின்கதவுலேருந்து இங்க வர வரைக்கும் அதான் நெனச்சுகினு வந்தேன். இருக்குது, குடின்னு சொல்லிடணும். சொல்றதுக்கு நமக்கு என்னா கஷ்டம்? மலையையே நடக்க வெச்சவன்.

பாக்கறாடா. தலையத் தூக்கிக்கினு, உதடு வெடிச்சுப் போயி, என் வாயையே பாக்கறா...

(கட்டில் பக்கம்) ...இல்ல, அனந்தமதி. 

போயிடுச்சு. இப்பதான். ஒரு நிமிஷம் முன்னால.

...படு. படுத்துக்கோ. தலகாணிய நான் சரி பண்றேன்.

(போனில்) சொல்லிட்டேன்... திட்டு. நல்லாத் திட்டு. எனக்கு வேணும்... ஒம்போது வருஷத்துக்கு அப்புறம் சூரியனைப் பத்தி இன்னிக்குத்தான் நம்பறேன்னு சொன்னா. அந்த வாய்க்கு நான் எப்படிடா... வரல. நெசமாவே வரல, மச்சான். தொண்டை வரைக்கும் வந்துச்சு...

ம்... ம்... வா. வண்டி எடுத்துக்கினு வா. மழையில மெதுவா வா. ராத்திரிக்கு நான் ஒருத்தனா பாத்துக்க முடியாது. நெனவு தப்புதா இல்லியான்னு பாத்துக்கினே இருக்கணும்...

இரு, கெளம்பறதுக்கு முன்னால அந்தக் காலண்டரப் பாரு. நாளைக்கு உதயம் எத்தினி மணி? ...அஞ்சு அம்பது. பதினோரு மணி நேரம், இருவத்தஞ்சு நிமிஷம். ...ம். இன்னிக்குப் பேப்பர் இருக்குதா பக்கத்துல? வானிலைன்னு கடைசிப் பக்கத்துல போடுவானே, அதப் படி. நாளைக்குக் காலையில எப்படின்னு... மெதுவாப் படி. ...வடகடலோர மாவட்டம்... ஆமா, நாமதான்... ஓரிரு இடங்களில்... காலையிலயும் மேகமூட்டமா? எந்த ஓரிரு இடம்னு போட்டிருக்கானா? ஊர் பேரு ஏதாவது? திண்டிவனம்னு... கீழ பாரு, சின்ன எழுத்துல... ஹலோ... மச்சான்... ஹலோ... ஹலோ...

(கட்டில் பக்கம்) ...கட்டாயிடுச்சு. மழைக்கு லைனு போயிருக்கும்.

...ஒண்ணுமில்ல. பேப்பரப் படிச்சுக் காட்டினான். 

நாளைக்கு மேகமே கெடையாதாம். காலையில அஞ்சு அம்பதுக்கே சுள்ளுன்னு அடிக்கப் போவுதாம். திண்டிவனம்னு ஊர் பேரு போட்டே எழுதியிருக்கானாம், பெரிய எழுத்துல.