றவூப்பின் ஒயில் நல்ல ஒயில்தான் என்பது பற்றி

1937ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்குத் தானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்தவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

பெயர்: முத்துலிங்கம் மகன் கணபதி. வயது: 47. சமயம்: இந்து. தொழில்: கராஜ் மெக்கானிக். விலாசம்: சுந்தரலிங்கம் என்பவரின் கராஜின் பின்பக்க அறை, கட்டுகஸ்தோட்டை வீதி, கண்டி.

மேற்சொன்ன கணபதியாகிய நான் சொல்வதாவது: இதே விடயமாக இம்மாதம் 16ஆம் திகதி இதே நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் உள்ள பெயர், வயது, விலாசம் ஆகியவை சரி. மற்றவற்றைப் பற்றிச் சொல்லவே இன்று வந்தேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, யாரும் பயமுறுத்தவும் இல்லை.

நான் ஹந்தானைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் எஞ்சின் பார்த்தேன். அதன் பின்னர் பதினொரு வருடமாக சுந்தரலிங்கம் முதலாளியிடம் இருக்கிறேன். தொழில் தெரிந்தவனை இங்கே பாஸ் என்று அழைப்பது வழக்கமாதலால் என்னையும் கணபதி பாஸ் என்பார்கள். ஒயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, முகர்ந்து, பிறகு நாக்கு நுனியில் வைத்து, நல்லது, கெட்டது, கலப்படம் என்று சொல்வது எனக்கு வழக்கம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கடுகண்ணாவை வரைக்கும் உள்ள பஸ் முதலாளிமார் புதிய டின் வாங்கினால் எனக்கு ஆள் அனுப்புவார்கள். நான் தலையசைத்த பிறகுதான் எஞ்சினில் ஊற்றுவார்கள். நாக்கில் வைப்பதால் என்ன தெரியும் என்று இப்போது கேட்கப்பட்டது. ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டியது விரலிலேயே தெரிந்துவிடும். சுற்றி நிற்பவர்களுக்கு அது திருப்தியாக இருந்தபடியால் செய்தேன்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் நின்றுபோகும் பஸ்களையும் லொறிகளையும் இழுத்து வருவதற்காக முதலாளி இம்மாதத் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து டீசல் லொறி ஒன்றை எடுப்பித்தார். எங்கள் கராஜுக்கு வந்த முதல் டீசல் அதுதான். அதுவரை நான் பார்த்ததெல்லாம் பெற்றோல் எஞ்சினும் நீராவி எஞ்சினும். டீசல் பற்றி எனக்குத் தெரியுமா என்று முதலாளி கேட்டபோது, எஞ்சின் எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னேன்.

அதன் பின்னர் 9ஆம் திகதி சனிக்கிழமை, அந்த லொறிக்கு ஒயில் தெரிவு செய்வதற்காக முதலாளியும் நானும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் உள்ள றவூப் என்பவரின் கடைக்குப் போனோம். றவூப் புதிய டின் ஒன்றை எங்கள் முன்னால் சீல் உடைத்துத் திறந்து, “இது டீசலுக்குண்டே வந்த சாமான் பாஸ், கொம்பனிக் கடுதாசியும் ஈக்குது” என்றார். நான் விரலில் தேய்த்துப் பார்த்தேன். மெல்லிய ஒயில்.

“என்ன முதலாளி, தண்ணியா ஓடுது? பஸ்ஸ கட்டி மலையேத்தப் போற லொறிக்கு இதயா ஊத்துறது? பச்சப்புள்ளைக்குக் கஞ்சித்தண்ணி குடுக்குற மாதிரியில்ல இருக்கு” என்று றவூப்பிடம் சொன்னேன்.

“புது எஞ்சின் பச்சப்புள்ள தானே பாஸ்” என்றார் றவூப். முதலாளி சிரித்தார். கடையில் நின்ற வேறு இரண்டு பேரும் சிரித்தார்கள். அதன் பின்னர் முதலாளி கடுதாசியை வாசித்துவிட்டு அந்த ஒயிலையே வாங்கினார். பதினொரு வருடத்தில் என் தலையசைப்பு இல்லாமல் அவர் ஒயில் வாங்கியது அன்றுதான். இதை நான் முதல் வாக்குமூலத்தில் சொல்லவில்லை.

11ஆம் திகதி திங்கட்கிழமை அந்த ஒயிலை ஊற்றினோம். சாரதி மஹ்மூத் லொறியைக் கடுகண்ணாவைக்குக் கொண்டுபோய் ஒரு மரக்கறி லொறியை இழுத்து வந்தார். 12ஆம் திகதி காலையில் நான் ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தபோது ஒயில் அடுப்புக்கரி போல் கறுத்திருந்தது. பெற்றோல் எஞ்சினில் அப்படிக் கறுக்க இரண்டு மாதமாவது செல்லும். ஆகவே பழைய ஒயிலைத்தான் புதிய டின்னில் அடைத்து விற்றிருக்கிறார் என்று முடிவு செய்தேன். அன்று அதை நான் உண்மையாகவே நம்பினேன். சந்தோஷத்துடன் நம்பினேன்.

அதன் பின்னர் கறுத்த ஒயிலை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு, முதலாளியுடன் றவூப்பின் கடைக்குப் போனேன். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நான் கடைக்குள் போகாமல் வீதியில் நின்று போத்தலைத் தூக்கிக் காட்டி, நாக்கில் வைத்துப் பார்த்து, துப்பினேன்.

“ஊரெல்லாம் கழிச்ச ஒயில வடிகட்டி விக்கிறாரு இந்த மனுசன்” என்று உரத்துச் சொன்னேன்.

“யா அல்லாஹ், ஒங்கட கண்ணுக்கு முன்னால தானே பாஸ் சீல ஒடச்சன்?” என்றார் றவூப்.

“சீல ஒடைக்கத் தெரிஞ்ச ஆளுக்கு ஒட்டத் தெரியாதா?” என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனிப்பாக இருந்தது. அன்று பின்னேரமே சுந்தரலிங்கம் முதலாளி றவூப் மீது இந்த நிலையத்தில் முறைப்பாடு கொடுத்தார்.

கராஜுக்குத் திரும்பியதும் முதலாளி, “இனி நீர் சொல்லுறதுதான், கணபதி. எந்த ஒயில் வேணுமெண்டு நீரே பாத்து ஊத்தும்” என்றார். பாரம் இழுக்கும் வண்டிக்குக் கனமான ஒயில்தான் பொருத்தம் என்று நினைத்து, றவூப்பின் ஒயிலை முழுவதும் வடித்துவிட்டு, தேய்ந்துபோன பழைய பெற்றோல் லொறிகளுக்கு ஊற்றும் மிகத் தடித்த ஒயிலை ஊற்றினேன். அது தேன் நிறமாக இருந்தது. 13ஆம் திகதி லொறி வேலைக்குப் போய் வந்தது. 14ஆம் திகதி வியாழக்கிழமை காலையில் நான் தனியாகக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். நான் தெரிவு செய்த ஒயிலும் அடுப்புக்கரி போல் கறுத்திருந்தது.

அந்த நேரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதா, சந்தேகம் வந்ததா என்று கேட்கப்பட்டது. விளங்கியது. கறுக்கச் செய்வது எஞ்சின், ஒயில் அல்ல. றவூப் மீது பிழை இல்லை.

அப்போது முதலாளி வரும் சத்தம் கேட்டது. நான் கம்பியைத் துணியால் துடைத்து, அதே தடித்த ஒயில் மிச்சமிருந்த புதிய டின்னுக்குள் விட்டு எடுத்து, அவருக்குக் காட்டினேன். “பார், தேன் மாதிரிக் கிடக்குது! உவன் எங்களை நல்லாப் பேய்க்காட்டிப் போட்டான்” என்றார். அன்றிலிருந்து 25ஆம் திகதி வரை லொறி புறப்படும் ஒவ்வொரு நாளும், முதலாளி வருவதற்கு முன்னரே கம்பியைப் புதிய டின்னில் தோய்த்து வைத்தேன். ஒயிலை மாற்றவும் இல்லை. மாற்றினால் ஏன் மாற்றுகிறாய் என்று கேட்பார்கள்.

15ஆம் திகதி வெள்ளிக்கிழமை பாலத்தடிக் கடைக்காரர்கள் கூடி, வழக்கு எதற்கு, இருவரும் சத்தியம் செய்யட்டும், றவூப் பள்ளிவாசலில், கணபதி கோவிலில் என்று சொன்னார்கள். றவூப் மறுத்துவிட்டார். மறுத்ததால் அவர்தான் குற்றவாளி என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் பிள்ளையார் கோவிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். நான் சொன்ன வார்த்தைகள் இவை: “அந்த எஞ்சினிலிருந்து நான் எடுத்த றவூப்பின் ஒயில் கறுப்பாக இருந்தது.” அதில் பொய் இல்லை. அறையிலிருந்து கோவில் போய்ச் சேரும்வரை யோசித்து அப்படி அமைத்தேன். திரும்பி வரும்போது என் மனைவி கமலம், “என்னங்க, சாமிகிட்ட கோர்ட்டுப் பிரக்கிராசி மாதிரி பேசுறீங்க?” என்று கேட்டாள். மறுநாள் இங்கே வந்து முதல் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். ஒயில் பற்றி அறிந்த நிபுணன் என்று என்னை அதில் எழுதியிருக்கிறது. நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்.

அதன் பின்னர் சாரதி மஹ்மூத் இரண்டு தடவை என்னிடம் முறையிட்டார். “பாஸ், காலைல எஞ்சின் சுத்தவே மாட்டேங்குது. கட்டியான கித்துள் பாணியா ஊத்தி வெச்சீக்கிறீங்க?” என்று கேட்டார். பாரம் இழுக்கிற எஞ்சின் அப்படித்தான் என்று பதில் சொன்னேன். 25ஆம் திகதி திங்கட்கிழமை அவர் ஆளில்லாத பஸ் ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது எஞ்சின் இறுகி நின்றது. பஸ்ஸின் பாரம் லொறியைப் பின்னால் இழுத்து, இரண்டும் மலைப்பக்க வடிகானுக்குள் இறங்கி நின்றன. மறுபக்கம் இறங்கியிருந்தால் பள்ளம். சக்கரம் திருப்பும் வளையம் அடித்ததில் மஹ்மூத்தின் வலது மணிக்கட்டு முறிந்தது.

27ஆம் திகதி லொறி விற்ற இடத்திலிருந்து ஒருவர் கொழும்பு ரயிலில் வந்து எஞ்சினைக் கழற்றிப் பார்த்தார். முதலாளி அப்போது ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வந்தவர் என்னிடம், இந்தத் தடித்த ஒயில் புகைக்கரியுடன் சேர்ந்து வடிகட்டியை அடைத்துவிட்டது, ஒயில் போகாமல் உள்ளே உலோகம் உருகிவிட்டது என்றார். றவூப்பின் டின்னைக் காட்டியபோது, “இதைத்தானே ஊற்றச் சொன்னோம்?” என்று கேட்டார். டீசலில் நல்ல ஒயில் ஒரே நாளில் கறுக்கும், கரியைத் தன்னுள் வாங்குவதுதான் அதன் வேலை என்றும் சொன்னார். இதை முதலாளியிடம் சொல்லும்படி என்னிடம் சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனார். நான் சொல்லவில்லை. முதலாளி வந்து, றவூப்பின் ஒயில் உள்ளே ஒட்டியிருந்துதான் எஞ்சினைக் கெடுத்தது, அதையும் வருகிற திங்கட்கிழமை றவூப் மீதான வழக்கு எடுக்கப்படும்போது கோர்ட்டில் சொல்ல வேண்டும் என்றார். “நீர்தான் முதல் சாட்சி, கணபதி” என்றார். நான் சரி என்றேன்.

அதன் பின்னர் நேற்று 28ஆம் திகதி பின்னேரம் றவூப் என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் எனக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி தரச் சொல்லி, சீல் உடைக்காத ஒரு டின்னை என் முன்னால் வைத்தார். அவருடைய மனைவி றமீஸா உள்வாசலில் நின்றார்.

“பாஸ், கோவப்படாம பாத்துச் சொல்லுங்க” என்றார் றவூப். “கொழும்புலயிருந்தே எனக்குக் கழிச்சதத்தான் அனுப்பீக்கிறாங்களா? மத்த டின்னெல்லாம் கடைக்குப் பின்னால குழி வெட்டி ஊத்திட்டன். மஹ்மூத்துட கை ஒடஞ்ச மாதிரி இன்னொருத்தருக்கு நடக்கப்படாது.”

பள்ளிவாசலில் ஏன் சத்தியம் செய்யவில்லை என்று கேட்டேன். “டின்னுக்குள்ள என்ன ஈக்குதுண்டு எனக்கே தெரியாதே. தெரியாததுக்கு எப்பிடிச் சத்தியம் பண்ற? நீங்க பாத்த ஆள், பண்ணினீங்க. திங்கக்கெழம குத்தத்த ஒத்துக்கப் போறன் பாஸ்” என்றார்.

நான் டின்னைத் திறக்காமலே, “உங்க ஒயில் நல்ல ஒயில், முதலாளி. நான் ஊத்துனதும் கறுத்துப் போச்சு. எஞ்சினக் கெடுத்தது நான்தான்” என்றேன். கம்பியை டின்னில் தோய்த்ததையும் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்ட மனசு நோகக்கூடாதுண்டு சொல்றீங்க. நீங்க கற்பூரத்தில கை வெச்ச மனுசன். ஒங்கட வாயில பொய் வருமா?” என்றார். நான் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அவர் எனக்கு நன்றி சொன்னார்.

வெளியே வரும்போது றமீஸா வேலிவரை வந்து, “அவர் ஒங்கள நம்புறாரு. நான் மொதல்லயும் நம்பல்ல, இப்பவும் முழுசா நம்பல்ல. பொலிஸ்ல எழுதிக் குடுங்க. எழுதின சாமானெண்டா அவர் கேப்பாரு” என்றார். அதனால்தான் இன்று வந்தேன்.

கேள்வி: இதனால் உம்மீது வழக்கு வரலாம் என்பது தெரியுமா?

பதில்: தெரியும்.

கேள்வி: 15ஆம் திகதி செய்த சத்தியம் பொய்யா?

பதில்: ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதைச் சொல்லத்தான் மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கேள்வி: வேறு ஏதும் சொல்ல வேண்டுமா?

பதில்: ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை கோர்ட் கூடுவதற்கு முன்னர், உத்தியோகத்தர் ஒருவர் இதை றவூப்பின் வீட்டுக்குக் கொண்டுபோய் முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். நான் கூட வர மாட்டேன். நான் நின்றால் அவர் என் முகத்தைப் பார்ப்பார். பார்த்தால் மறுபடியும் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுவார்.

மேலே உள்ளவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. இம்முறை, சொன்னது மட்டுமல்ல, சொல்ல நினைத்ததும் உண்மை.

(ஒப்பம்) மு. கணபதி