ஐந்தாவது நட்டும் அண்ணன் தங்கமுத்துவும்

இரும்பை இணங்க வைத்த இனியவரே! துருவைத் துரத்திய தூயவரே! பட்டறையின் பழுத்த பண்பாளரே! மூத்த மெக்கானிக் அண்ணன் தங்கமுத்து அவர்களே! பல்லாண்டு எங்களோடு பாடுபட்டு, இன்று பணி நிறைந்து வீடு திரும்பும் தங்களுக்குத் திண்டுக்கல் வாடகைக் கார்ப் பட்டறைத் தொழிலாளர்கள் கலங்கிய கண்களோடு படைக்கும் பாராட்டு மடல் இது.

கழற்றவே முடியாதென்று கைவிட்ட நட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, சுத்தியால் மெல்லத் தட்டி, இறுகும் பக்கமாய் ஒரு இழுப்பு இழுத்து, பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி, மரை கெடாமல் எடுத்துத் தந்த கரங்கள் தங்கள் கரங்கள்! கன்னிவாடிச் சேற்றில் மழைக்காலம் முழுக்கக் கிடந்த வண்டியும் தங்களிடம் வாலாட்டியதில்லை. ஆனால் அண்ணே, புகழ்ச்சி தங்களுக்குப் பிடிக்காது. எங்களுக்கும் இன்று அதற்கு மனசு இல்லை. ஆகவே சற்றே அவையோர் பக்கம் திரும்பிப் பேசுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியோர்களே! இவரை ‘கிரீஸ் பைத்தியம்’ என்று ஊரில் பாதிப்பேர் கேலி பேசியதுண்டு. பைத்தியம்தான், இல்லையென்று யார் சொன்னது? பிரியாணிக் கடை வாசலில் முன்பின் தெரியாதவர் கார் நின்றாலும் குனிந்து சக்கர நட்டைத் தடவிப் பார்ப்பார்; திருடனென்று நினைத்து ஒருவர் சட்டையைப் பிடித்ததும் உண்டு. அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்ததென்று கேளுங்கள்.

ஐம்பத்தொன்றாம் வருஷம், ஆயுத பூஜைக்கு முதல் நாள். பூஜைக்கு வண்டியெல்லாம் பளபளவென்று நிற்க வேண்டும். சுரண்ட நேரமில்லையென்றால் துருவின் மேலேயே பெயிண்டைப் பூசிவிடுவது அன்றைய வழக்கம். வாடகைப் பிளசர் காரின் சக்கர நட்டுகளுக்கு அண்ணனே தன் கையால் வெள்ளிப் பெயிண்ட் அடித்தார். பார்க்க அம்புட்டு அழகாக இருந்தது.

மறுநாள் பூஜை முடிந்து எல்லோரும் பொரிகடலை தின்றுகொண்டிருக்கையில், சாணார்பட்டியிலிருந்து ஆள் ஓடி வந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த அண்ணி சுந்தரம்மாளுக்கு விடிந்ததிலிருந்து வலி. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் ரெண்டு உயிரும் தங்கும் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாளாம். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஏங்கி உண்டான பிள்ளை அது. முதலாளி அந்தப் பிளசரையே கொடுத்தார். டிரைவர் இருளப்பன் ஓட்டினார்.

அண்ணியையும் அவர் தாயாரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பாதி வழியில் டயர் வெடித்தது. காரை ஜாக்கியில் தூக்குமுன் அண்ணன் நட்டுகளை இளக்கினார். நாலு வந்தன. ஐந்தாவது அசையவில்லை, துருவும் பெயிண்டும் சேர்ந்து கெட்டிப்பட்டுப் போயிருந்தது. பதற்றத்தில் ஓங்கி மிதித்தார். ஸ்பானர் வழுக்கி, நட்டின் முனைகள் மழுங்கியதுதான் மிச்சம். தோட்டத்து வீடொன்றில் மண்ணெண்ணெய் வாங்கி வந்து ஊற்றினார். அது ஊற வேண்டுமே!

“ஏங்க, செத்த நேரத்துல போயிரலாமா?” என்று காருக்குள்ளிருந்து அண்ணி கேட்டார்.

“இந்தா, வந்துருச்சு தாயி” என்றார் அண்ணன். வரவில்லை.

அந்நேரம் பூ மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. இருளப்பன் அதை மறித்து, மூட்டைகளை இறக்கச் சொல்லி, அண்ணியைப் படுக்க வைத்தார். தாயாரும் ஏறிக்கொண்டார்.

“அண்ணே, நீங்களும் ஏறுங்க. காரை நான் பாத்துக்கிறேன்” என்றார் இருளப்பன்.

“ஏலே, எனக்கு வராத நட்டா? வண்டி முன்னால போகட்டும். நாம வழியிலேயே பிடிச்சு ஏத்திக்கிருவோம்” என்றார் அண்ணன்.

தொழில்காரன் வீம்பு, பெரியோர்களே! வேறென்ன சொல்ல? மாட்டுவண்டி கண்ணுக்கு மறைந்து வெகு நேரம் கழித்து அந்த நட்டு வந்தது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு விரட்டிப் போய், ரயில்வே கேட்டுக்கு இப்பால் வண்டியைப் பிடித்தார்கள். வைக்கோலின் மேல் பிள்ளை பிறந்திருந்தது. ஆண் பிள்ளை. அது அழவில்லை. ஆஸ்பத்திரியில் அண்ணியை மட்டுமே காப்பாற்ற முடிந்தது. பிறகு அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவேயில்லை.

அதற்கப்புறம் அண்ணன் பெயிண்ட் பிரஷ்ஷைத் தொடவில்லை. என்ன வேலைக்கு வந்த வண்டியானாலும், சக்கர நட்டுகளைக் கழற்றி, கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, கிரீஸ் தடவி, திரும்பப் பூட்டிய பிறகே வெளியே விட்டார். ஞாயிற்றுக்கிழமையும் வருவார்; தீபாவளியன்றும் வருவார். வீட்டுக்குப் போகச் சொன்னால், “இந்த ஒரு வண்டிதாம்லே, பாத்துட்டுப் போறேன்” என்பார். அந்த ஒரு வண்டி முடிந்ததே இல்லை.

அண்ணலே! ஆற்றல்சால் அன்பரே! தங்கள் கைபட்டதால் நடுவழியில் நிற்காமல் எத்தனையோ பேர் வீடு சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தங்கள் பெயர்கூடத் தெரியாது. அவர்கள் சார்பிலும் நாங்களே வாழ்த்துகிறோம்: நோயில்லாமல், நொடியில்லாமல், ராத்திரி நிம்மதியாகத் தூங்கி, நெடுங்காலம் இருங்கள்!

இம்மடலில் என்ன எழுதலாமென்று அண்ணியிடம் கேட்கப் போயிருந்தோம். அடுப்படியிலிருந்து வெளியே வந்து அவர் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதி முடிக்கிறோம்:

“அந்த மனுசனை இனியாச்சும் வீட்டுல உக்காரச் சொல்லுங்கப்பா. போன பிள்ளையை இன்னும் எம்புட்டு நாளைக்கு அங்கேயே தேடுவாரு? இங்க நான் ஒருத்தி உசுரோடதான இருக்கேன்.”

தங்கள் அன்பை மறவாத
பட்டறைத் தொழிலாளர்கள்
திண்டுக்கல், 1968