மூணு பச்சை, ரெண்டு மஞ்சள்

அக்கா, டிரேயை மூணாவது தடவ தேய்ச்சிட்டேன், மஞ்சள் போகவே மாட்டேங்குது. கம்பி பிரஷ் போட்டா டிரேதான் கீறுது, பவுடர் அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. நல்லா வெந்த பவுடர் அப்படித்தான் இருக்கும்னு இரும்பு கேட்டுக் கடை மொதலாளி தவுக்கே சொல்லுவாரு. வேலைய சரியா செஞ்சிருக்கேன்னு அர்த்தம்.

இந்த வாய்ஸ் மெசேஜ பஸ்ல சத்தமா போட்டுக் கேக்காத, இயர்போன் மாட்டிக்க. அம்மா மாத்திர போட்டுட்டு முன் ரூம்புல படுத்திருக்கு. நான் பின்னால குசினியில, அடுப்பு பக்கம் உக்காந்து சன்னமா பேசறேன். காலையில நீ ஜொகூர்லேருந்து வந்துருவ, லாயரும் வந்துருவாரு. அதுக்குள்ள உனக்கு வரிசையா தெரியணும். அம்மா சொன்னதுல பாதி அழுகைதான் இருந்திருக்கும்.

உனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதானே. புதன்கிழம பொழுது சாயிற நேரத்துல அப்பாவும் தர்மராஜ் மாமாவும் பன்னி சுடப் போனாங்க. செம்பனை மரத்துக்கடியில குனிஞ்சு உதிரிப்பழம் பொறுக்கிக்கிட்டு இருந்த நம்ம லயத்து புஷ்பவள்ளி அத்தைய பன்னின்னு நெனச்சு சுட்டுட்டாங்க. அத்த செரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிருச்சு. அப்பா தன் குண்டுதான்னு ஒத்துக்கிட்டு உள்ள இருக்காரு. எல்லாம் சரிதான். ஆனா அது பின்பாதி. முன்பாதி என்னோடது.

அப்பாவ தோட்டத்துல என்னன்னு கூப்பிடுவாங்கன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? தீபாவளி. அமிர்தலிங்கம்ங்கற பேரே யாருக்கும் ஞாபகம் இல்ல. "தீபாவளி வருது, காத மூடிக்குங்கடா. சத்தம் மட்டுந்தான், பலகாரம் கெடையாது"ம்பாரு பன்னி அறுக்குற ஹேமநாதன் மாமா. அப்பாவும் கூடச் சேந்து சிரிப்பாரு. வீட்டுக்கு வந்து தண்ணியப் போட்டுட்டு, சிரிக்காம உக்காந்திருப்பாரு. நீ ஜொகூருக்குப் போயிட்ட, பாத்ததெல்லாம் நான்தான்.

பங்கு எப்படின்னா, யாரு குண்டுல பன்னி விழுந்துச்சோ அவருக்கு தலையும் ஒரு பின்னந்தொடையும். மிச்சத்த எல்லாரும் பிரிச்சுக்குவாங்க. துப்பாக்கி ரெண்டுதான், ரெண்டுக்கும் லைசென்ஸ் இருக்கு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சுட்டா சண்ட. ஒரு தடவ அறுக்குற எடத்துலயே அப்பாவும் தர்மராஜ் மாமாவும் சட்டையப் பிடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு மாசம் பேச்சு வார்த்த இல்ல. அப்ப நான்தான் வழி சொன்னேன்.

கடையில வாங்குற தோட்டாவுக்கு வருசத்துக்கு இவ்வளவுன்னு அளவு இருக்கு, அது பத்தாது. அதனால ஈயத்த உருக்கி அப்பாவே குண்டு ஊத்துவாரு. அது தப்பு, புடிச்சா ஜெயிலு, எல்லாருக்கும் தெரியும். வெறும் ஈயம் துப்பாக்கிக் குழாய்க்குள்ள அப்பிக்குதுன்னு அவருக்கு ரொம்ப நாளா கொற. நான் ஸ்கூல் லீவுல நீலாய் கேட்டுக் கடையில வேல செஞ்சேன்ல, அங்க இரும்பு கேட்டுக்கு கலர் பவுடர் அடிச்சு பெரிய ஓவன்ல சுடுவாங்க, பெயிண்ட விட கெட்டியா புடிச்சுக்கும். அதையே குண்டுக்குப் பூசினா அப்பாதுன்னு சொன்னேன். அதோட, ஆளுக்கு ஒரு கலரு குடுத்துட்டா, பன்னிய அறுக்கும்போது உள்ள இருக்குற குண்டே யாரு சுட்டதுன்னு சொல்லிடும்.

தர்மராஜ் மாமா என் தலையில கைய வெச்சு, "இவள கோர்ட்ல ஜட்ஜா போடணும்லா"ன்னாரு.

தவுக்கே மீந்த பவுடர சும்மாவே குடுத்தாரு. பச்சை ஒரு கோயில் கேட்டுக்கு அடிச்சதுல மிச்சம். மஞ்சள் ஏதோ தாடிக்கா, சின்னப்புள்ளைங்க ஸ்கூல் வேலிக்கு அடிச்சது. தர்மராஜ் மாமாவுக்கு பச்சை, அப்பாவுக்கு மஞ்சள். அம்மாவோட பழைய கேக்கு ஓவன் பின்னால சும்மாதான கெடந்துச்சு. ஒவ்வொரு குண்டா இடுக்கியில எடுத்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம டிரேயில நிறுத்தி வெச்சு சுடுவேன். வெளிய எடுக்கும்போது முட்டாயி மாதிரி மின்னும். நீ பாத்திருந்தா நல்லா இருக்குன்னுதான் சொல்லியிருப்ப.

தோட்டாவுக்குள்ள குண்ட வெச்சு வாய மெழுகுல அடைக்கிறதும் என் வேலதான், அப்பாவுக்குக் கை நடுங்கும். அடைச்சிட்டா உள்ள என்ன கலருன்னு வெளிய தெரியாது. ஒவ்வொரு தடவ போகும்போதும் ஆளுக்கு அஞ்சு, காயிதப் பையில போட்டு, மேல பேர எழுதிக் குடுப்பேன்.

மொதல் மூணு பன்னியும் பச்சை.

ஹேமநாதன் மாமா கத்தி முனையால குண்ட நோண்டி எடுத்து, வாளித் தண்ணியில அலசி, தூக்கிக் காட்டுவாரு. "பச்சை. தீபாவளி, ஒனக்கு அடுத்த வருசம்." முந்தியாவது அப்பாவுக்கு சண்ட போட ஒரு எடம் இருந்துச்சு. என் கலரு அதையும் எடுத்துக்கிச்சு. அத நெனச்சுப் பாரு. நான் கண்டுபிடிச்ச ஞாயத்தால எங்கப்பாவே தலையக் குனிஞ்சிக்கிட்டு வர்றாரு. அப்ப அத சரி பண்ணவேண்டியதும் நான்தானே?

அதனால தர்மராஜ் மாமா பையில மூணு பச்சை, ரெண்டு மஞ்சள் வெச்சேன். அப்பா பையில எப்பவும் போல அஞ்சும் மஞ்சள்.

அஞ்சையும் மாத்தல, கவனி. அஞ்சையும் மாத்தினா அது திருட்டு. ரெண்டுன்னா கொஞ்சம் விட்டுக்குடுக்குற மாதிரி. மாமாவே நல்ல மனசோட விட்டுக்குடுத்திருக்கலாம். அவருக்குத் தோணல, அவருக்காக நான் செஞ்சேன்.

மொதல் மஞ்சள் வந்த அன்னிக்கு அப்பா எப்படி இருந்தாருன்னு உன்கிட்ட எப்படி சொல்றது. ஹேமநாதன் மாமா குண்ட அலசிட்டு, ரெண்டாவது தடவயும் அலசிட்டு, "டேய், மஞ்சள்டா"ன்னாரு. அப்பா ஸ்கூல் புள்ள மாதிரி கையத் தூக்கி, "என்னோடது, என்னோடது"ன்னாரு. பன்னித் தலைய மோட்டர் சைக்கிள் முன்னால வெச்சுக்கிட்டு லயத்த ரெண்டு சுத்து சுத்திட்டுத்தான் வீட்டுக்கே வந்தாரு. அதுக்கப்புறம் தண்ணியத் தொடல அக்கா. அம்மாகிட்ட கேளு. ஒம்போது மாசம், ஒரு சொட்டு தொடல. யாரு செஞ்சது அது? கோயில்ல கயிறு கட்டியும் நடக்கல, நீ போன்ல அழுதும் நடக்கல.

ஒம்போது மாசத்துல பச்சை ஏழு, மஞ்சள் ஆறு. அந்த ஆறுல ஒண்ணாவது அப்பாவே சுட்டதா இருக்கலாம், எனக்குத் தெரியாது. தர்மராஜ் மாமாதான் பாவம், கொழம்பிப் போயிட்டாரு. "நல்லா பாத்துதான் அடிக்கிறேன் புள்ள, எப்படி தவறுதுன்னே தெரியல"ம்பாரு. செரம்பான் போயி கண்ணு செக் பண்ணி, கண்ணாடியும் போட்டுக்கிட்டாரு. கண்ணாடி போட்ட மறு வாரமும் மஞ்சள்தான். அப்புறம் முனீஸ்வரனுக்கு சேவல் அறுத்தாரு. எனக்கு சிரிப்பு வந்துச்சு, ஆனா வெளிய காட்டிக்கல. பெரியவங்க மனச புண்படுத்தக் கூடாதுல்ல.

ஒண்ணு மட்டும் நான் எதிர்பாக்கல. முன்னெல்லாம் பன்னியோட கண்ணு ரெண்டும் தெரியாம அப்பா சுட மாட்டாரு. தவறினா சிரிப்பாங்கன்னு பயம். ஆறு மஞ்சளுக்கப்புறம் அந்த பயம் போயிருச்சு. பொதரு அசைஞ்சாலே போதும். "எனக்குப் பாக்கவே வேணாம், கை தானா போவும்"ன்னு ஹேமநாதன் மாமாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாரு. நானும் கேட்டேன். பெருமையாத்தான் இருந்துச்சு.

புதன்கிழம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சுட்டாங்க. ஆளுக்கு ஒண்ணு. ஒண்ணு எங்கயோ மண்ணுல போயிருச்சு, போலிஸ் நாய் வெச்சுத் தேடியும் கெடைக்கல. இன்னொண்ணு அத்த முதுகுல. உதிரிப்பழம் பொறுக்குறது தோட்ட நிர்வாகத்துக்குத் தெரியக்கூடாதுன்னு அத்த எப்பவும் கறுப்பு பாஜு சட்டதான் போடும், வெளிச்சம் போன பிறகுதான் வரும். அத யாரும் யோசிக்கல.

அம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடிருச்சு. நான் தனியா இருக்கேன், பின்கதவுல தர்மராஜ் மாமா. கண்ணாடி இல்ல, ஒரு கால்ல செருப்பு இல்ல. என் கையில காயிதப் பைய திணிக்கிறாரு.

"நாலு இருக்கு. போலிஸ் என்னையும் தேடி வரும். எங்கயாச்சும் போட்டுரு புள்ள."

"அப்பாவோடது, மாமா?"

"அவன் இடுப்புல இருந்தத போலிஸ் அங்கயே எடுத்துட்டாங்க. நீ போ, போ."

நாலு, அக்கா. அஞ்சு குடுத்தேன், ஒண்ணு சுட்டாரு. பையில ரெண்டு மஞ்சள் ரெண்டு பச்சை மிச்சம் இருந்தா, அவரு சுட்டது பச்சை. அப்ப அத்த முதுகுல இருந்த மஞ்சள் அப்பாவோடது. பையில ஒரு மஞ்சள் மூணு பச்சை இருந்தா, சுட்டது மஞ்சள். அப்ப ரெண்டு குண்டுமே மஞ்சள், ஆம்பிடாத குண்டுதான் அப்பாவோடதா இருக்கும்னு நீயே சொல்லுவ. அதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது, என்ன கலரு எடுத்தாங்கன்னே அன்னிக்கு ராத்திரி யாருக்கும் தெரியாது. ஆனா பை கைக்கு வந்த ஒடனே, இத பிரிச்சா ஏதோ ஒண்ணு தெரிஞ்சிரும்னு மட்டும் தெரிஞ்சிச்சு.

சைக்கிள எடுத்துக்கிட்டு மில்லு கழிவுக் கொளத்துக்குப் போனேன். அந்தக் கறுப்புத் தண்ணியில என்ன போட்டாலும் திரும்ப வராது. கரையில ஒரு பத்து நிமிசம் நின்னிருப்பேன். மெழுகுதான, நெகத்தால கீறினா வந்துரும். கட்டவெரல ஒரு தோட்டா மேல வெச்சுக்கிட்டே நின்னேன். அப்புறம் நாலையும் போட்டுட்டேன். பையையும் கிழிச்சுப் போட்டேன், அதுல என் கையெழுத்து இருக்குல்ல.

வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு, அத்த மக தனலெட்சுமி வீட்டுக்குப் போயி எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கிக் குடுத்தேன். அவளும் நானும் ஒரே கிளாஸ், போகாம இருந்தா நல்லாருக்காது. அவங்கம்மா பொறுக்கின பழம் ரெண்டு மூட்ட அப்படியே வாசல்ல கெடந்துச்சு. "இத யாருகிட்ட விக்கிறதுன்னு எனக்குத் தெரியாதே மாதவி"ன்னு கேட்டா. நான் விசாரிச்சு சொல்றேன்னேன். விசாரிச்சும் சொன்னேன்.

மறுநாளு போலிஸ் அத்த முதுகுல எடுத்த குண்டோட படம் காட்டிக் கேட்டிருக்காங்க, இது என்ன மஞ்சளா, யாரோடதுன்னு. தர்மராஜ் மாமா தலையக் குனிஞ்சிக்கிட்டாராம். அப்பாதான் கையத் தூக்கினாராம்.

நேத்து ஹேமநாதன் மாமாவோட ஸ்டேசனுக்கு சோறு கொண்டு போனேன். அப்பா சாப்பிட்டுக்கிட்டே பேசினாரு.

"தர்மராஜ் மேல யாரும் கோவப்படக் கூடாது. அவனும்தான் சுட்டான். ஆனா அவனுக்கு இப்ப குறி போச்சு, பாவம். பட்டா என்னோடதுதான் படும், இல்லையா மாதவி?"

நான் மீன் முள்ள எடுத்துக் குடுத்தேன்.

இப்ப நீ கேப்ப, இத ஏன் போலிஸ்ல சொல்லலன்னு. யோசிக்காம இல்ல, மூணு நாளா அதேதான் யோசிக்கிறேன். சொன்னா அந்த ஆறு பன்னியும் போயிரும். தான் ஒரு நாளும் சரியா சுட்டதில்லன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிரும். ஜெயில்ல இருக்குற மனுசன்கிட்ட மிச்சம் இருக்குறது அது ஒண்ணுதான், அதையும் புடுங்கிக்கச் சொல்றியா? மறுபடியும் தீபாவளின்னு கூப்பிடுவாங்க. எனக்காக பாக்கல. எனக்கு எஸ்பிஎம் பரிட்ச இருக்கு, அது வேற விசயம். அப்பா பேருக்காகத்தான் பாக்கறேன். துப்பாக்கிய நான் ஒரு நாளும் தொட்டதில்ல, அத நீ லாயர்கிட்ட மொதல்ல சொல்லிரு.

அந்த நாலு தோட்டாவையும் சொல்லணும்னு நீ நெனச்சா சொல்லு. நான் தடுக்கல. பிரிச்சுப் பாத்தியான்னு லாயரு கேட்டா, இல்லன்னு சொல்லுவேன், அது சத்தியம்.

ஏன் பாக்கலன்னு கேட்டா என்னக்கா சொல்றது?