காப்பு கட்டின எட்டு நாளு

கழட்டு தம்பி, நல்லா கழட்டு. ஊர்ப்பேர் பலகைய நான் இன்னா புடிச்சிக்கினா தொங்கப் போறேன்? ஆர்டர் இருக்குன்றே. உம்மேல கோவமில்ல, நீ கூலிக்கு வந்தவன். பீடி இருக்கா? குடு.

எங்கப்பன் துரைக்கண்ணு கல்லு செமந்து கட்டின ஸ்டேசன் இது. வேலூர் போற பேசஞ்சரு இங்க ரெண்டு நிமிசந்தான் நிக்கணும். ஆனா மலைச் சரிவுல பொம்பளைங்க தலைல புளி மூட்டை தெரிஞ்சிச்சின்னா, கார்டு பச்சக்கொடிய கம்கட்டுல வெச்சிக்கினு நிப்பாரு. அவரு மனுசன்.

அப்புறம் மாஸ்டர தூக்கினானுங்க. வெளக்கத் தூக்கினானுங்க. கேட்டா, ஜனம் ஏறலியாம். எண்பத்தொண்ணுல ஒருத்தன் நோட்டோட வந்து எட்டு நாளு இங்கியே குந்தி எண்ணினான். மொத்தம் பதினோரு பேருன்னு எழுதிக்கினு போய்ட்டான். நாலே மாசம், வண்டி நிக்காம போவுது.

எந்த எட்டு நாளு தெரியுமா? எங்க காளியம்மனுக்குக் காப்பு கட்டின எட்டு நாளு. கைல காப்பு ஏறிச்சின்னா, அவுக்கற வரைக்கும் மலைல ஒருத்தரும் எல்லைக் கல்லத் தாண்ட மாட்டோம். உசுரே போனாலும் தாண்ட மாட்டோம். இதுக்குப் பேரு எண்ணிக்கையா? அடுத்த வாரம் வந்திருந்தா பொட்டில கால் வெக்க எடம் இருந்திருக்காது. வயிறு எரியுது தம்பி.

இப்ப பஸ்காரன் பலாப்பழத்தக் கண்டாலே விசில் ஊதறான். படவேட்டு சந்தைக்கு எட்டு மைலு மூட்டையோட நடக்கறோம்.

இன்னா, ஊர்ல ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேன்றியா? அந்த நோட்டுக்காரன் கேட்டான்யா. முந்தின மாசமே வந்து, எந்த வாரம் வந்தா ஜனம் ஜாஸ்தியா இருக்கும்னு மரியாதையாத்தான் கேட்டான். திருவிழாவுக்கு வாங்க சார், ஊரே கூடியிருக்கும், எங்க வூட்லயே கறிச்சோறு சாப்டலாம்னு ஒரு கூறுகெட்டவன் பெருமையா சொல்லிட்டான். காப்பு நெனப்பே வர்ல அவனுக்கு. அப்புறம் கைல காப்போட எல்லைக் கல்லாண்ட நின்னு பாத்தா, கீழ அந்தாளு தனியா குந்திக்கினு கெடக்கறான். எறங்கிப் போயி சொல்ல முடியல. தொண்ட கிழியக் கத்தினேன், அவங்காதுல விழல.

ஆமா, நாந்தான்.

ஊர்ல யாருக்கும் தெரியாது. எம் பொஞ்சாதி மங்கம்மா தெனம் மூட்டையோட மலை எறங்கறப்போ, அந்த வாரத்த எவன் சொல்லிக் குடுத்தானோ அவன் நாசமாப் போவட்டும்னு மண்ண வாரித் தூத்தறா. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டிக்கினே அவ பின்னால போறேன்.